அம்பாசமுத்திரத்தில் கடைந்த பேஸ்பால் மட்டை

தயிர் கடைய மத்து வாங்கப் போனவர் பேஸ்பால் மட்டைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார் என்று என் மனைவி உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நடந்தது தலைகீழ். மட்டைக்காகத்தான் போனேன். வெறுங்கையோடு வீடு திரும்பினால் பேச்சு வாங்க வேண்டுமே என்று மத்தையும் சேர்த்து வாங்கினேன். மத்து நன்றாக உழைக்கிறது. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

பாளையங்கோட்டையில் 31 ஆண்டு உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகும் விடிந்தால் கால் தானாக மைதானத்துக்குத்தான் போகிறது. பேஸ்பால் அணியில் பையன்கள் 14 பேர். அவர்களுக்கு ஒரே ஒரு அலுமினிய மட்டை. அதையும் போட்டிக்கென்று பீரோவில் பூட்டிவைத்திருக்கிறார்கள். பயிற்சிக்கு வெளியூரிலிருந்து பார்சலில் வரவழைத்த மர மட்டைகள். சென்ற ஆண்டு மட்டும் நான்கு உடைந்தன. நான்கும் கைப்பிடிக்கு ஒரு சாண் மேலே உடைந்தன. உடைந்த வாயைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும்: மரத்தின் இழை கைப்பிடியில் குறுக்கே ஓடியிருக்கும், மேலே கரும்பழுப்பு வார்னிஷை அப்பி அதை மறைத்திருப்பார்கள். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். காசு கொடுத்து ஏமாந்தவன் நான்; பெயரை எழுதி அவர்களுக்கு விளம்பரம் வேறு தர வேண்டுமா?

கடைசல் வேலைக்குப் பேர்போன ஊர் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும்போது பார்சலுக்கு ஏன் காத்திருக்க வேண்டும் என்று ஒரு நாள் தோன்றியது. திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை ரயிலில் ஏறினால் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி தாண்டி, தாமிரபரணிப் பாலத்தைக் கடந்ததும் அம்பாசமுத்திரம். மரச் சொப்புச் சாமான் என்றால் நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த ஊர்தான். குட்டி அம்மி, குட்டி உரல், ஆட்டுக்கல், குடம் என்று சிவப்பும் மஞ்சளுமாகப் பனையோலைப் பெட்டியில் வைத்துக் கொடுப்பார்கள். நான் போன பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தெருவில் நுழைந்ததும் இயந்திரம் சுற்றும் சத்தம் கேட்கிற வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வாசலில் மரச்சீவல் குவிந்திருக்கும். அதன்மேல் ஒரு பூனை படுத்திருக்கும். போன மூன்று தடவையும் அந்தப் பூனை அங்கேயே இருந்தது.

பட்டறைக்கார அண்ணாச்சிக்கு அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். உடைந்த மட்டை ஒன்றை அடையாளத்துக்குக் கொண்டுபோயிருந்தேன். இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தார்.

"உலக்கைக்குக் குட்டை, பூரிக்கட்டைக்கு நெட்டை. எதை இடிப்பதற்கு சார்?"

பந்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். தையலை நகத்தால் கீறிப் பார்த்தார். தரையில் ஒரு முறை போட்டுப் பார்த்தார். பிறகு கேட்ட கேள்வியில்தான் எனக்கு நம்பிக்கை பிறந்தது. "இது மட்டையைத் தேடி வருமா, மட்டை இதைத் தேடிப் போகுமா?" இரண்டும்தான் அண்ணாச்சி என்றேன். அப்படியானால் மஞ்சள் கடம்பு ஆகாது என்றார். மஞ்சள் கடம்பு உளிக்கு வெண்ணெய் மாதிரி இழைந்து கொடுக்குமாம், சொப்புக்கு அதைவிட நல்ல மரம் இல்லையாம், ஆனால் அதிர்ச்சி தாங்காதாம். கருவேலம் தாங்கும், ஆனால் பிள்ளைகள் தூக்க முடியாது. "மண்வெட்டிக்குக் காம்பு போடுகிற புத்தியோடு மரம் பார்க்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போனவர் ஒரு பூவரசங்கட்டையோடு வந்தார். வாய்க்கால் கரையில் காற்றுக்கு விழுந்த மரமாம். இரண்டு வருடம் நிழலில் ஆறப்போட்டதாம். கட்டையின் ஓரம் வெளுத்திருந்தது. நடுவே கருஞ்சிவப்பாக வைரம் பாய்ந்திருந்தது.

அமெரிக்காவில் மட்டைக்கு ஆஷ் மரத்தைத்தான் நெடுங்காலம் நம்பினார்கள். அதே மரத்தில்தான் மண்வெட்டிக் காம்பும் போட்டார்கள். அண்ணாச்சிக்கு நான் அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே அவர் வந்து சேர்ந்த இடம் அது.

அமெரிக்காவின் பேர்போன மட்டை ஒன்றின் கதையும் ஒரு கடைசல் பட்டறையில்தான் தொடங்குகிறது. லூயிவில் நகரத்தில் ஹில்லரிச் என்பவர் கட்டில் கால், மாடிப்படிக் கைப்பிடிக் கம்பம், வெண்ணெய் கடையும் கருவி எல்லாம் செய்துகொண்டிருந்தார். 1884-இல் அவருடைய 17 வயது மகன் பட், உள்ளூர் அணியின் நட்சத்திரம் பீட் பிரவுனிங்கின் மட்டை உடைந்ததைப் பார்த்து, அவரைப் பட்டறைக்கு அழைத்துவந்து புதிது கடைந்து கொடுத்தான் என்று அந்தக் குடும்பத்தில் சொல்கிற கதை. கதையின் ஒவ்வொரு வரியையும் ஆராய்ச்சியாளர்கள் ஒப்புக்கொள்வதில்லை. தந்தைக்கு மட்டை வேலையில் நாட்டமில்லை, வெண்ணெய் கடையும் கருவிதான் சோறு போடும் என்று நெடுநாள் பிடிவாதம் பிடித்தார் என்பதையும் அதே குடும்பம்தான் சொல்கிறது. பிற்பாடு லூயிவில் ஸ்லகர் என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது அந்தப் பட்டறை. அண்ணாச்சியின் பட்டறைச் சுவரில் வரிசையாகத் தயிர் மத்துகள் தொங்கிக்கொண்டிருந்தன. மரத்தையும் கடைகிறோம், தயிரையும் கடைகிறோம். நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். அந்தத் தந்தைக்குத் தமிழ் தெரிந்திருந்தால் மகனோடு சண்டை போட்டிருக்க மாட்டார் என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

இரண்டு மட்டைக்குச் சொன்னேன். ஒன்று இன்றைய அளவு: 33 அங்குல நீளம், மெல்லிய கைப்பிடி. இன்னொன்று பழைய அளவு. அதற்குக் காரணம் எங்கள் அணியின் ஏழாம் எண் பையன். மழை நாள்களில் மைதானம் சேறாகிவிட்டால் வகுப்பறையில் உட்கார்த்திப் பழைய ஆட்டக்காரர்கள் கதை சொல்வது என் வழக்கம். 1884-ஆம் ஆண்டு சிகாகோ அணியின் நெட் வில்லியம்சன் 27 ஹோம் ரன் (ஓடித் தொட வேண்டிய நான்கு தளங்களையும் ஒரே அடியில் சுற்றி வருவது) அடித்தார், அந்தச் சாதனை 35 ஆண்டு நின்றது, 1919-இல் பேப் ரூத் வந்து 29 அடித்துத்தான் அதை முறியடித்தார் என்று சொன்னேன். "அவர் மட்டை எப்படி இருந்திருக்கும் சார்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. கேட்டவனுக்குக் கையில் கொடுத்துவிடலாமே என்று தோன்றியது.

அந்தக் காலத்து விதிப்படி மட்டையின் தடிமன் இரண்டரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. நீளம் 42 அங்குலம்வரை இருக்கலாம். கைப்பிடி இன்றுபோல் ஒடுங்கி இராது. மேலிருந்து கீழே சோம்பேறித்தனமாகத்தான் சரியும். நான் 36 அங்குலம் போதும் என்று அட்டையில் வரைந்து, வெட்டிக் கொடுத்தேன்.

வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நாற்பட்டையாக வெட்டிய கட்டையின் இரண்டு முனைகளையும் இயந்திரத்தில் இறுக்கிச் சுழல விட்டார். முதல் இரண்டு நிமிடம் தடதடவென்று மூலைகள் உளியில் மோதும். அந்தச் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்து, கட்டை உருண்டுவிட்டது என்று காதுக்கே தெரிகிற ஒரு கணம் வருகிறது. அதன் பிறகு உளியிலிருந்து சீவல் நாடாபோல் நீளமாகச் சுருண்டு அவர் முழங்கையில் விழுந்துகொண்டிருந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. காலிப்பர் வைத்து நான்கே இடத்தில்தான் அளந்தார், மற்றதெல்லாம் கைதான். சுழலும்போதே இடது உள்ளங்கையை மட்டையின் முதுகில் வைத்து, கைப்பிடியிலிருந்து நுனிவரை ஒரு தடவு. எங்கோ ஒரு மேடு தட்டியிருக்கிறது, உளி அங்கே போய் நின்றது. முடிந்ததும் அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்தினார். சூட்டில் அரக்கு உருகி ஏறியது. தாழை மடலை மடித்து வைத்து அழுத்தியதும் பளபளப்பு வந்தது. முகம் பார்க்கலாம். அந்தப் பளபளப்புதான் பிற்பாடு எனக்குத் தலைவலியானது.

சொன்னது பத்து நாள். கொடுத்தது இருபத்தாறாம் நாள். நடுவே இரண்டு தடவை தொலைபேசியில் கேட்டேன். கல்யாணத்துக்கு ஐம்பது சொப்புப் பெட்டி கேட்டிருக்கிறார்கள், உங்கள் உலக்கைக்கு அவசரமில்லையே என்றார். எனக்குக் கோபம்தான். ஆனால் அவசரமில்லை என்பது உண்மையாகவும் இருந்தது.

விலை: மட்டை ஒன்றுக்கு 650 ரூபாய், மரத்தோடு சேர்த்து. பார்சலில் வந்தவற்றில் மலிவானதே இதைவிட அதிகம்.

ஆடி மாதம் முதல் வாரம் மைதானத்துக்குக் கொண்டுபோனேன். அன்று நடந்ததை அப்படியே நம்பியிருந்தால் இந்த விமர்சனம் வேறு மாதிரி இருந்திருக்கும். ஏழாம் எண் பையன் புது அளவு மட்டையை எடுத்தான். பத்துப் பந்து வீசச் சொன்னேன். ஆறு பந்து கிழக்குச் சுவரைத் தாண்டிப் போனது. பையன்கள் குதித்தார்கள். மட்டையை முத்தமிட்டார்கள். அலுமினியத்தை விற்றுவிடலாம் சார் என்றான் ஒருவன்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆச்சியின் மாடி இருக்கிறது. மோர்மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். பந்தை எறிந்துவிட்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டினார்கள். "இன்றைக்கு ஆறு. போன வருடம் இதே ஆடியில் ஒரு நாள் ஒன்பது விழுந்தது. எண்ணி வைத்திருக்கிறேன்."

போன வருடம் ஆடியில் இருந்தது, இப்போது உடைந்து கிடக்கிற அதே பார்சல் மட்டைகள்தான். ஆச்சி சொன்ன பிறகு எனக்கு உறைத்தது. எங்கள் மைதானத்தில் மட்டை பிடிப்பவன் மேற்கு மூலையில் நிற்கிறான். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து அடிக்கிறது. அம்மியையே நகர்த்தும் என்று பெயர் வாங்கிய காற்று, 145 கிராம் பந்தை என்ன பாடுபடுத்தும்! சுவரை நாடா பிடித்து அளந்தேன். 57 மீட்டர். ஆண்கள் சர்வதேச கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டைக்கூட 59 மீட்டருக்குக் கிட்டே கொண்டுவரக்கூடாது.

வில்லியம்சன் கதையின் மற்ற பாதியைப் பையன்களுக்கு அன்றுதான் சொன்னேன். சிகாகோ அணி அப்போது ஆடிய ஏரிக்கரை மைதானம் இடுக்கானது. ஒரு பக்கம் ரயில் பாதை, அதை ஒட்டி ஏரி. வலப்பக்க வேலி 196 அடி, இடப்பக்கம் அதையும்விடக் குறைவு. மீட்டரில் சொன்னால் 60-க்கு உள்ளே. ஆச்சி வீட்டுச் சுவர்தான்! வேலி அவ்வளவு கிட்டே இருப்பதால் 1883-இல் அதைத் தாண்டும் பந்துக்கு இரண்டு தளம்தான் என்று வைத்திருந்தார்கள். அந்த ஆண்டு வில்லியம்சன் கணக்கில் இரட்டை அடி 49, ஹோம் ரன் 2. அடுத்த ஆண்டு, தாண்டினால் ஹோம் ரன் என்று மாற்றினார்கள். 2 இருந்த இடத்தில் 27 வந்தது. அந்த 27-இல் 25 சொந்த மைதானத்தில் அடித்தவை. வெளியூரில் இரண்டே இரண்டு.

சிகாகோ ஆடிய தொழில்முறைத் தொடரான நேஷனல் லீகின் 1884 ஹோம் ரன் பட்டியலைப் பார்த்தால் சிரிப்பு வரும். வில்லியம்சன் 27, ஃபிரெட் ஃபெஃபர் 25, ஆப்னர் டால்ரிம்பிள் 22, கேப் ஆன்சன் 21. முதல் நான்கு பேரும் ஒரே அணி, ஒரே வேலி. அவர்களுக்குப் பிறகுதான் அந்த வேலி சொந்தமில்லாத பஃபலோ அணியின் டான் பிரூதர்ஸ், 14. அதே ஆண்டில்தான் அந்த லீகில் பந்து வீசுபவர் கையைத் தோளுக்கு மேலே தூக்கி வீச அனுமதி கிடைத்தது, அதுவும் 50 அடியிலிருந்து. அடிப்பவர்கள் அடங்கியிருக்க வேண்டிய ஆண்டு. சிகாகோ அணி மொத்தம் 142 ஹோம் ரன் அடித்தது. 1927-இல் நியூயார்க் யாங்கீஸ் வரும்வரை எந்த அணியும் அதைத் தாண்டவில்லை. இத்தனை அடித்தும் கோப்பை கிடைத்ததா என்று ஒரு பையன் கேட்டான். இல்லை. கோப்பை பிராவிடன்ஸ் அணிக்குப் போனது. அங்கே சார்லஸ் ராட்போர்ன் என்ற பந்து வீச்சாளர் ஏறத்தாழ 60 ஆட்டங்களைத் தனியாளாக வென்று கொடுத்தார்.

1885-இல் சிகாகோ அணி வேறு மைதானத்துக்குப் போய்விட்டது. வில்லியம்சன் அந்த ஆண்டு அடித்த ஹோம் ரன் 3. அணி அந்த ஆண்டுதான் கோப்பையை வென்றது! பாவம் அவர் என்று சொல்ல வரவில்லை. எல்லாத் துறையிலும் அவரைப்போல் ஆட ஆள் கிடையாது என்று அணித்தலைவர் ஆன்சனே மெச்சிய ஆட்டக்காரர். ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் முதலில் அடித்தவரும் அவர்தான், 1884 மே 30-இல். ரூத்தின் 29-ஐயும் பாருங்கள்: 1919-இல் சொந்த மைதானத்தில் 9, வெளியூரில் 20. எண்ணைக் கேட்டதும் எந்தச் சுவர் என்று கேட்கிற பழக்கம் எனக்கு இந்த இரண்டு பேராலும் வந்தது. மட்டை கையில் இருந்த அன்று மட்டும் கேட்க மறந்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே பையன்களை வரச் சொன்னேன். அந்நேரத்தில் இலை அசையாது. திசையையும் மாற்றினேன், சுவரே இல்லாத வடக்குத் திடலைப் பார்த்து அடிக்க வேண்டும். வீசுபவனின் கை நாளுக்கொரு மாதிரி இருக்கும் என்பதால் பந்தை ரப்பர் தாங்கியில் வைத்தே அடிக்கச் சொன்னேன். ஒரே பையன், ஒவ்வொரு மட்டைக்கும் பத்து அடி, நடுவே ஓய்வு. பந்து முதலில் தரை தொடும் இடத்தில் ஒருவன் சுண்ணாம்புக் கோடு போட்டான். சராசரி இது: அலுமினியம் 52 மீட்டர். பூவரசு, புது அளவு 47. பூவரசு, பழைய அளவு 43. உடையாமல் மிச்சமிருந்த பார்சல் மட்டை ஒன்று, 45.

ஆக, முத்தமிட்ட மட்டை அலுமினியத்தைவிட ஐந்து மீட்டர் பின்தங்கியது. பார்சல் மட்டையைவிட இரண்டு மீட்டர் முன்னால். பையன்கள் முகம் தொங்கிப்போனது. எனக்கு அப்படியில்லை. 650 ரூபாய் மட்டையிடம் நான் எதிர்பார்த்தது இதற்கும் குறைவு. மேலும் மர மட்டையில் நடுப்பகுதியில் பட்டால்தான் பந்து போகும். தவறினால் உள்ளங்கை அதிர்ந்து தவற்றைச் சொல்லிவிடும். அலுமினியம் தவற்றை மன்னித்துவிடுகிறது. பயிற்சிக்கு மன்னிக்காத மட்டைதான் வேண்டும்.

பழைய அளவு மட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எடை 1 கிலோ 310 கிராம். புதியது 940 கிராம். ஏழாம் எண் பையன் முதல் மூன்று சுற்றில் பந்துக்குப் பதில் ரப்பர் தாங்கியை அடித்தான். நான்காவதில் கைப்பிடியை இரண்டு அங்குலம் விட்டுப் பிடித்துக்கொண்டு, தோளைச் சுழற்றாமல் முழு உடம்பையும் தள்ளி அடித்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, கனம் கற்றுக்கொடுத்தது. பந்து உயரே போகவில்லை. தரையோடு தரையாக, கயிறு இழுத்த மாதிரி போனது. கையுறை இல்லாமலும் பேருக்கு ஒரு தோல்துண்டை மாட்டிக்கொண்டும் அந்தக் காலத்தில் நின்ற ஆட்டக்காரர்களின் விரல்களை நினைத்துப் பார்த்தேன்.

இனிக் குறைகள். முதலாவது அரக்குப் பூச்சு. கைப்பிடி வரைக்கும் பளபளவென்று ஏற்றிவிட்டார். வியர்த்த கையில் மட்டை வழுக்குகிறது. இரண்டாம் நாளே ஒரு பையன் கையிலிருந்து பறந்து, நல்ல வேளையாக ஆளில்லாத பக்கம் விழுந்தது. உப்புத்தாள் போட்டுக் கைப்பிடியைத் தேய்த்து, சைக்கிள் கடையில் வாங்கிய துணி நாடாவைச் சுற்றினேன். வாங்குகிறவர்கள் கைப்பிடிக்கு அரக்கு வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டாவது, அடிக்குமிழ் சிறுத்துவிட்டது. சுண்டுவிரலுக்குப் பிடிமானம் போதாது. அட்டையில் நான் வரைந்ததே சிறிது என்கிறார் அண்ணாச்சி. அட்டையை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

மூன்றாவது குறை எடை. ஒரே கட்டையில் கடைந்தாலும் இன்னொன்று இதே எடையில் வரும் என்று அவரால் உறுதி சொல்ல முடியாது. பட்டறையில் தராசு இல்லை. அணிக்கு ஆறு மட்டை ஒரே மாதிரி வேண்டும் என்பவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரம் குடித்து 20 கிராம்வரை ஏறவும் செய்தது.

புரட்டாசியில் புது அளவு மட்டை விரிசல் விட்டது. உடையவில்லை, நீளவாக்கில் ஒரு மயிரிழை விரிசல். விரிசல் கண்ட மட்டையை அன்றே ஒதுக்கிவிட வேண்டும், ஒட்டி ஆணி அடித்து ஆடக்கூடாது என்பது என் பழைய சட்டம். எடுத்துக்கொண்டு அம்பாசமுத்திரம் போனேன். சண்டை போடும் உத்தேசத்தோடுதான் போனேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அண்ணாச்சி விரிசலை வெயிலில் பிடித்துப் பார்த்தார். பந்து பட்ட தழும்புகளை விரலால் தொட்டு எண்ணினார். "எல்லா அடியும் ஒரே முகத்தில் விழுந்திருக்கிறதே சார். மரத்துக்கு நெற்றியும் உண்டு, கன்னமும் உண்டு. நீங்கள் கன்னத்தில் அடித்திருக்கிறீர்கள்."

அது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. ஆஷ் மட்டையில் கம்பெனி முத்திரை வானத்தைப் பார்க்கும்படி பிடிக்கச் சொல்வதே இதற்காகத்தான். முத்திரை பலவீனமான முகத்தில் இருக்கும், பந்து பலமான ஓரத்தில் படும். இந்த மட்டையில் முத்திரையே இல்லை. பையன்கள் கைக்கு வந்தபடி பிடித்தார்கள், நானும் கவனிக்கவில்லை. அவர் காசு வாங்காமல் இன்னொன்று கடைந்து கொடுத்தார். இந்த முறை சிவப்பு அரக்கால் மூன்று வளையமும், வானத்தைப் பார்க்க வேண்டிய முகத்தில் ஒரு பொட்டும் வைத்தார். பொட்டு வைத்த மட்டை இன்றுவரை விரிசல் விடவில்லை. தழும்புகள் எல்லாம் இப்போது ஓரத்தில் விழுகின்றன.

அன்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவர் தகப்பனார் கொழும்பில் கடையில் வேலை பார்த்தவர் என்று சொன்னார். அப்போது ஒன்றைச் சொன்னேன். 1888-ஆம் ஆண்டு இறுதியில் ஸ்பால்டிங் என்ற விளையாட்டுச் சாமான் வியாபாரி இரண்டு அணிகளை உலகம் சுற்றக் கூட்டிப் புறப்பட்டார். ஆஸ்திரேலியாவிலிருந்து எகிப்துக்குப் போகிற வழியில், 1889 ஜனவரியில் கப்பல் கொழும்பில் நின்றது. அங்கே இறங்கி ஒரு ஆட்டம் ஆடினார்கள். அந்தக் கூட்டத்தில் ஆன்சன், ஃபெஃபர், வில்லியம்சன் மூவரும் இருந்தார்கள். 1884 பட்டியலின் முதல் நான்கு பேரில் மூன்று பேர், தூத்துக்குடியிலிருந்து கடல் தாண்டினால் தொடுகிற தூரத்தில். சில வாரங்கள் கழித்து பாரிஸில் ஆடும்போது வில்லியம்சனுக்கு முழங்கால் போயிற்று. பழைய ஆட்டம் திரும்பவில்லை. 36 வயதில் இறந்துபோனார்.

"கொழும்பில் எத்தனை சுவர் தாண்டினார்களாம்?" என்று கேட்டார் அண்ணாச்சி.

மைதானத்தைச் சுற்றிச் சுவர் இருந்ததா என்று முதலில் கேட்க வேண்டும் என்றேன்.

யாருக்கு இந்த மட்டை: பயிற்சிக்கு ஆள் வைத்திருக்கிற பள்ளிகளுக்கு, கூடவே நின்று பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தால். போட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள்; அங்கே நடுவர் முத்திரை பார்ப்பார். உங்கள் அளவை அட்டையில் வெட்டி, குமிழைப் பெரிதாக வரைந்து கொண்டுபோங்கள். பூவரசு வைரக்கட்டையா என்று கேளுங்கள். கல்யாண மாதத்தில் போகாதீர்கள். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அரை குறைத்தது தாமதத்துக்கு. ஒன்று குறைத்தது அரக்குக்கும் எடைக்கும்.

மத்துக்கு என் மனைவி ஐந்துக்கு ஐந்து. மோரில் வெண்ணெய் பந்துபோலத் திரள்கிறதாம்.

தை பிறந்ததும் இன்னொரு மட்டை, 34 அங்குலத்தில், கைப்பிடிக்கு அரக்கு இல்லாமல் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அட்டை வடிவம் அவரிடம்தான் இருக்கிறது. சுவரில் மத்துகளுக்கும் தொட்டில் கட்டைகளுக்கும் நடுவே ஒரு ஆணி அடித்து அதை மாட்டிவிட்டார். மேலே கரித்துண்டால் "வாத்தியார் உலக்கை" என்று எழுதியிருக்கிறது.